இல்லத்தில் அமையும் சக்கரங்கள்

பொழுது புலர்வதற்கு முன்பே எழுந்து, வாசலைப் பெருக்கி, சாணநீர் தெளித்து, குனிந்த தலை நிமிராமல் ஒரு பெண் தரையில் புள்ளி வைக்கத் தொடங்குகிறாள். அதே வீட்டின் பூசையறையில் ஒரு செப்புத் தகடு இருக்கிறது. அதில் முக்கோணங்கள் ஒன்றையொன்று ஊடுருவிக் கிடக்கின்றன. வீட்டுத் தலைவர் எழுதும் கணக்குப் பேரேட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி காணப்படுகிறது. கோகுலாஷ்டமி வந்தால், மாவில் தோய்த்த கையின் ஓரத்தைத் தரையில் ஒற்றி எடுத்த சின்னஞ்சிறு பாதங்கள் வாசலிலிருந்து பூசையறைக்கு நடந்து செல்கின்றன. இவ்வாறு நம் நாட்டு இல்லங்களில் கோடும் வட்டமும் கோணமும் வெறும் அலங்காரமாக மட்டும் நின்றுவிடாமல், வழிபாட்டுக்குரிய குறிகளாகவும் இடம் பெற்றிருக்கின்றன. எந்த வடிவத்தை எந்த இடத்தில் அமைக்க வேண்டும் என்று நம் முன்னோர் ஒரு மரபு வகுத்திருந்தனர். அந்த மரபைப் பற்றியே மாணவ நண்பர்களாகிய உங்களோடு இன்று பேச விரும்புகிறேன்.

இப்பொருளில் எனக்கு ஆர்வம் பிறந்தது நூல்களைக் கற்றதனால் அன்று. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு செப்புத் தகட்டினால். 1974ஆம் ஆண்டு அது. நான் கல்லூரியில் கணிதம் பயிலத் தொடங்கியிருந்தேன். என் தந்தையார் கும்பகோணத்தில் பித்தளை, செம்புப் பாத்திரங்கள் விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வந்தார். எவர்சில்வர் பாத்திரங்கள் வீடுதோறும் புகுந்துவிட்ட காலம். கடையில் விற்பனை குறைந்தது, கடன் வளர்ந்தது. அந்நாளில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர், தாம் கொடுக்கும் ஸ்ரீசக்கரத் தகட்டை ஈசானிய மூலையில் வைத்துவிட்டால் ஒரு மண்டலத்தில், அதாவது 48 நாளில், கடன் தீரும் என்று சொன்னார். விலை 700 ரூபாய். என் தாயாரின் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. செம்பின் எடையும் விலையும் என் தந்தையாருக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் வாங்கினார். அந்தத் தகட்டின் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் மரபு என்ன கூறுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இல்லறத்தான் ஒருவன் தன் மனையில் தெய்வத்துக்கென வடிவங்களை அமைத்தமைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று வேதகால வேள்வித் தீக்கள் ஆகும். முத்தீ வேட்கும் இல்லறத்தான் மூன்று குண்டங்களை அமைத்தான். மேற்கே இருந்த காருகபத்தியம் வட்டம். கிழக்கே இருந்த ஆகவனீயம் சதுரம். தெற்கே இருந்த தட்சிணாக்கினி அரைவட்டம். வடிவத்தில் வேறுபட்ட இம்மூன்றும் பரப்பளவில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. சற்று எண்ணிப் பாருங்கள். சதுரத்தின் பக்கம் ஒரு முழம் என்றால், அதே பரப்புடைய வட்டத்தின் விட்டம் சுமார் 1.128 முழம், அரைவட்டத்தின் விட்டமோ சுமார் 1.596 முழம். சதுரத்துக்குச் சமமான வட்டத்தைக் காண்பது எளிய காரியமா? அதற்கென அவர்கள் கயிற்றையும் முளையையும் கொண்டு முறைகள் வகுத்தனர். கயிற்றுக்கு வடமொழியில் சுல்பம் என்று ஒரு பெயர் உண்டு. ஆகவே அம்முறைகளைக் கூறும் நூல்கள் சுல்ப சூத்திரங்கள் எனப் பெயர் பெற்றன. போதாயனர், ஆபஸ்தம்பர், காத்தியாயனர் முதலியோர் இயற்றிய அந்நூல்களில், 3, 4, 5 என்னும் அளவுடைய கயிற்றால் செங்கோணம் அமைக்கும் வழியும் காணப்படுகிறது. நீங்கள் பள்ளியில் பயிலும் செங்கோண முக்கோணத் தேற்றத்தை இந்நாட்டில் வேள்விக் குண்டம் அமைத்தவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கையாண்டனர்.

குண்டம் அமைக்கத் திசை தெரிய வேண்டும் அல்லவா? அதற்கும் ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. அதை நீங்களே உங்கள் வீட்டு மாடியிலோ பள்ளித் திடலிலோ செய்து பார்க்கலாம். சமமான தரையில் ஒரு குச்சியை நேராக நடுங்கள். அதனை நடுவாகக் கொண்டு ஒரு வட்டம் வரையுங்கள். காலையில் குச்சியின் நிழல் நீண்டு வட்டத்துக்கு வெளியே மேற்குப் பக்கமாக விழும். வெயில் ஏற ஏற நிழல் குறுகி, அதன் நுனி வட்டத்தைத் தொடும். அவ்விடத்தில் ஓர் அடையாளம் இடுங்கள். நண்பகலுக்குப் பின் நிழல் கிழக்கே நீளத் தொடங்கி, நுனி மீண்டும் வட்டத்தைத் தொட்டு வெளியேறும். அங்கும் ஓர் அடையாளம் இடுங்கள். இரண்டையும் சேர்க்கும் நேர்கோடே கிழக்கு மேற்குக் கோடு. காந்த ஊசியின் துணை இதற்கு வேண்டியதில்லை.

வேள்விக் குண்டத்துக்கு வகுத்த இத்திசை ஒழுங்கு, பின்னர் வீடு முழுவதற்கும் பரவியது. மனைநூல்கள், வீடு கட்டும் நிலத்தை 64 அல்லது 81 கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தெய்வத்தைக் கூறின. தென்கிழக்கு அக்கினி மூலை. ஆதலால் அங்கே அடுக்களை அமைந்தது. வடகிழக்கு ஈசானிய மூலை. அது வழிபாட்டுக்கு உரியதாயிற்று. நடுவிலுள்ள கட்டங்கள் பிரமனுக்கு உரியவை. அங்கே சுவரோ தூணோ எழுப்பாமல் திறந்த வெளியாக விட வேண்டும் என்றனர். தஞ்சை மாவட்டத்துப் பழைய வீடுகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெளிச்சமும் காற்றும் மழைநீரும் வந்து இறங்கும் அந்த இடம், பிரமனுக்கு உரியதெனக் கூறும் அந்த நடுவிடத்தோடு பொருந்தி அமைகிறது. இம்முறையில் வீடே ஒரு பெரிய சக்கரமாகிவிடுகிறது. அதற்குள் வைக்கப்படும் சிறு சக்கரங்கள் இந்தப் பெரிய சக்கரத்தின் உறுப்புகளே.

இனி வாசலுக்கு வருவோம். வாசல் என்பது வீட்டுக்கும் உலகுக்கும் இடைப்பட்ட எல்லை. அங்கே இடப்படுவது கோலம். ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியின் தொடக்கத்தில், தைத் திங்களில் தரையைத் தூய்மை செய்து மண்டலம் இடுவதையும், நுண்மணலால் தெருவை அணிசெய்வதையும் கூறுகிறார். ஆகவே தமிழ்நாட்டில் இவ்வழக்கம் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது என்பதில் ஐயமில்லை. நாள்தோறும் இடுவது உலர்ந்த மாவினால் இடும் புள்ளிக் கோலம். திருநாட்களில் அரிசியை ஊறவைத்து அரைத்த மாவால் இழைக் கோலம் இட்டு, ஓரத்தில் காவி பூசுவர். மார்கழியில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைப்பர். இறப்பு நேர்ந்த வீட்டின் வாசலில் கோலம் இராது. கோலம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டே அவ்வீட்டின் நன்மை தீமைகளைத் தெருவில் செல்வோர் அறிந்துகொள்வர்.

வாசற் கோலத்துக்கு ஒரு வரையறை உண்டு. அது மிதிபடும் இடம். ஆகவே தெய்வத்துக்கு உரியனவாகக் கருதப்படும் சக்கரங்களை வாசலில் இடுவதில்லை. அங்கே இடுபவை பெரும்பாலும் பூ, கொடி, பறவை, சிக்கு ஆகிய கோலங்களே. அரிசி மாவை எறும்பு தின்னும்; பிற உயிர்களின் காலடியில் கோலம் கலையும்; மாலைக்குள் பெரும்பகுதி மறைந்துவிடும். மறுநாள் காலை மீண்டும் இட வேண்டும். அழிவதையே இயல்பாகக் கொண்ட வழிபாட்டுக் குறி அது.

சிக்குக் கோலம் என்பது புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் கோடு. பல கோலங்களில் அக்கோடு எங்குத் தொடங்கியதோ அங்கேயே வந்து முடியும்; இடையில் கை எடுக்க வேண்டியதில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும், இக்கோலங்களுக்குள் ஒரு மொழிக்கு உள்ளது போன்ற இலக்கணம் இருப்பதைக் கண்டு, 1974இல் அதைக் கணினி அறிவியல் கட்டுரையாக வெளியிட்டனர். சில அடிப்படைத் துண்டுகளும், அவற்றை இணைக்கும் சில விதிகளும் இருந்தால் ஒரு கோலக் குடும்பம் முழுவதையும் பெருக்கிக்கொண்டே போகலாம் என்பது அவர்கள் காட்டிய உண்மை. அதே ஆண்டில் எங்கள் பாட்டி ஒவ்வொரு நாளும் எங்கள் வாசலில் அந்த இலக்கணத்தைப் பிழையின்றிக் கையாண்டுகொண்டிருந்தார். கணிதம் கற்கப் புறப்பட்ட நானோ அதைத் தாண்டிக் குதித்துக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

வாசலைக் கடந்து பூசையறைக்குச் செல்வோம். அங்கே மணையின் மீதோ, மெழுகிய தரையின் மீதோ இடும் கோலங்கள் வேறு. அவற்றுள் ஒன்று இருதய கமலம். இதை உங்கள் ஏட்டில் வரைந்து பாருங்கள். நடுவே ஒரு புள்ளி வையுங்கள். அதைச் சுற்றி எட்டுத் திசையிலும் திசைக்கு ஐந்து புள்ளிகளாக நாற்பது புள்ளிகள் வையுங்கள். ஒரு திசையின் முதற்புள்ளியில் தொடங்கி, அடுத்த திசையின் மூன்றாம் புள்ளிக்கும், அதற்கடுத்த திசையின் ஐந்தாம் புள்ளிக்கும், பின்னர் இரண்டாம் புள்ளிக்கும், பின்னர் நான்காம் புள்ளிக்கும் கோட்டை இழுத்துச் செல்லுங்கள். மீண்டும் ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு. இவ்வாறே சுற்றிச் சுற்றிச் சென்றால் நாற்பது புள்ளிகளையும் தொட்டுவிட்டுக் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். எட்டிதழ்த் தாமரை ஒன்று மலர்ந்து நிற்கும். எட்டு என்னும் எண்ணுக்கும் ஐந்து என்னும் எண்ணுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாமையே இதன் இரகசியம். எட்டுத் திசைக்குப் பதில் பத்துத் திசை வைத்துப் பாருங்கள். பத்தே புள்ளிகளில் கோடு மூடிக்கொண்டு, மற்றவை தனித்து நின்றுவிடும்.

என் பாட்டிக்குப் பொதுக் காரணி என்ற சொல் தெரியாது. ஆனால், "மனசு வேறெங்கேயாவது போச்சுன்னா கோடு காட்டிக் கொடுத்துடும்டா" என்று சொல்லுவார். ஒரு புள்ளி தவறினால் நாற்பதும் தவறும். அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. என் தாத்தா மறைந்த பிறகு, ஓராண்டு கழித்து, முதன்முதல் அக்கோலத்தை மீண்டும் இட உட்கார்ந்த நாளில் மட்டும் அவர் மூன்று முறை அழித்து எழுதினார்.

முருகனை வழிபடும் இல்லங்களில் அறுகோணச் சக்கரம் இடுவர். மேல்நோக்கிய முக்கோணம் ஒன்றும் கீழ்நோக்கிய முக்கோணம் ஒன்றும் பின்னிய வடிவம் அது. மேல்நோக்கியது சிவம், கீழ்நோக்கியது சக்தி என்பர். ஆறு முனைகளிலும் ச, ர, வ, ண, ப, வ என்னும் ஆறெழுத்துகளை எழுதி, முனைக்கு ஒன்றாக ஆறு அகல் ஏற்றுவது சஷ்டி நாளின் வழக்கம். வடிவமும் எழுத்தும் ஒளியும் ஒன்று சேர்வதை இங்கே காண்கிறோம். எழுத்துகளைக் கட்டங்களில் அடைத்து வழிபடும் முறையைத் திருமூலர் தம் திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் விரிவாகக் கூறியிருக்கிறார். திருவம்பலச் சக்கரம், நவாக்கரி சக்கரம் என்றெல்லாம் அங்குத் தனித்தனித் தலைப்புகளே உள்ளன.

எழுத்துகளைப் போலவே எண்களையும் கட்டத்தில் அடைப்பதுண்டு. பல இல்லங்களில் வெள்ளிக்கிழமையன்று குபேரக் கோலம் இட்டு, கட்டத்துக்கு ஒரு நாணயமும் பூவும் வைப்பர். ஒன்பது கட்டங்கள். மேல்வரிசையில் 27, 20, 25. நடுவரிசையில் 22, 24, 26. கீழ்வரிசையில் 23, 28, 21. இதை எப்படிக் கூட்டினாலும், குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை, விடை 72. இனி ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 19ஐக் கழியுங்கள். 8, 1, 6. 3, 5, 7. 4, 9, 2 என்று வரும். ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களால் அமைந்து, எப்பக்கம் கூட்டினாலும் 15 வரும் கட்டமே அது. நவக்கிரகக் கட்டங்களிலும் இதே அமைப்புத்தான். சூரியனுக்கு 15, ஒவ்வோர் எண்ணோடும் ஒன்று கூட்டினால் சந்திரனுக்கு 18, இவ்வாறு மும்மூன்றாக ஏறிக் கேதுவுக்கு 39. சுழற்றியும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பியும் பெறுவனவற்றை ஒன்றாகவே கருதினால், ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களுக்கு இத்தகைய கட்டம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்த ஒன்றை நம் வீட்டுப் பெண்கள் மனப்பாடமாக வைத்திருந்தனர்.

இவையெல்லாம் கையால் இட்டு, கையாலேயே துடைத்துவிடக் கூடியவை. நிலையாக வைத்து வழிபடும் சக்கரங்களுக்கு யந்திரம் என்று பெயர். பொன், வெள்ளி, செம்பு, படிகம் முதலியவற்றில் அவற்றை அமைப்பர். அவற்றுள் தலைசிறந்ததாகப் போற்றப்படுவது ஸ்ரீசக்கரம். காஞ்சி காமாட்சியம்மன் கோயிலில் அம்பிகையின் திருமுன் ஸ்ரீசக்கரம் இருக்கிறது. திருவானைக்காவில் அகிலாண்டேசுவரி அணிந்திருக்கும் தாடங்கங்களில் ஸ்ரீசக்கரம் அமைந்திருக்கிறது. அவற்றை ஆதிசங்கரர் அணிவித்தார் என்பது வரலாறாக வழங்கி வருகிறது.

இதன் அமைப்பைக் கேளுங்கள். வெளியே நான்கு வாயில்களையுடைய சதுரம். அது மூன்று கோடுகளால் ஆனது. அதனுள் பதினாறு இதழ்த் தாமரை. அதனுள் எட்டிதழ்த் தாமரை. அதனுள் ஒன்பது பெரிய முக்கோணங்கள் பின்னிக் கிடக்கின்றன. நான்கு சிவத்துக்கு உரியன, ஐந்து சக்திக்கு உரியன. அவை ஒன்றையொன்று வெட்டுவதால் 43 சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன. வெளியிலிருந்து உள்ளே எண்ணினால் பதினான்கு, பத்து, பத்து, எட்டு, ஒன்று. நடுவே ஒரு புள்ளி, அதுவே பிந்து. சதுரம் தொடங்கிப் பிந்து வரை ஒன்பது சுற்றுகள். வழிபடுவோர் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு மனத்தால் பயணம் செய்கின்றனர். கோயிலில் கோபுர வாயிலில் நுழைந்து, பிராகாரங்களைக் கடந்து, கருவறையை அடைவதை இது ஒத்திருக்கிறது.

இதை வரைவதில்தான் அருமை இருக்கிறது. முக்கோணங்களின் கோடுகளில் மும்மூன்று ஒரே புள்ளியில் சந்திக்கும் இடங்கள் பதினெட்டு உண்டு. அவற்றை மர்மங்கள் என்பர். ஒரு கோட்டை ஒரு மயிரிழை நகர்த்தினால் ஓரிடத்தில் சந்திப்புச் சரியாகும். வேறோர் இடத்தில் பிரிந்துவிடும். மரபில் வழங்கும் ஒரு வரைமுறைப்படி வட்டத்தின் விட்டத்தை 48 கூறுகளாக்கி, மேலிருந்து 6, 6, 5, 3, 3, 4, 3, 6, 6, 6 என்னும் இடைவெளிகளில் ஒன்பது கிடைக்கோடுகள் இட வேண்டும். அதன் பின்னர்ச் சாய்கோடுகளைச் சேர்க்க வேண்டும். இம்முறை மிக நெருங்கிய வடிவத்தைத் தரும். முற்றிலும் பிழையற்ற வடிவத்தைக் காண்பது எத்துணைக் கடினம் என்பதை மாஸ்கோவைச் சேர்ந்த குலைச்சேவ் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 1984இல் இந்திய அறிவியல் வரலாற்று இதழில் கட்டுரை வெளியிட்டார்.

இத்தகைய சக்கரத்தை இல்லத்தில் வைப்பதற்கு மரபு பல கட்டுப்பாடுகளை விதிக்கிறது. குருவினிடம் தீட்சை பெற்றவரே இதை முறையாக வழிபடுவதற்கு உரியவர். தகட்டை நீராட்டி, சந்தனமும் குங்குமமும் இட்டு, மந்திரங்களால் உயிரேற்ற வேண்டும். தூய்மையான பீடத்தில் வைக்க வேண்டும். ஒருமுறை வழிபடத் தொடங்கினால் இடையில் கைவிடலாகாது. இன்ன சக்கரத்துக்கு இன்ன பயன் என்று நூல்கள் கூறாமல் இல்லை. ஆனால் அப்பயன்களை இத்தனை நாள், இத்தனை முறை, இத்தகைய ஒழுக்கத்தோடு என்னும் நிபந்தனைகளோடு சேர்த்தே கூறுகின்றன. வைத்தால் மட்டும் போதும் என்று அவை கூறவில்லை. யந்திரம் என்னும் சொல்லே, அடக்குதல், கட்டுப்படுத்துதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது.

இப்போது எங்கள் வீட்டுத் தகட்டுக்கு வருகிறேன். அது ஈசானிய மூலையில் வைக்கப்பட்டு முப்பது நாள் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து ஏட்டில் வரைய உட்கார்ந்தேன். என் வரைபடத்தில் கோடுகள் சேரவில்லை. என் கையில்தான் பிழை என்று எண்ணி மீண்டும் வரைந்தேன். பின்னர்த் தகட்டின் மீதே அடிகோலை வைத்துப் பார்த்தேன். மூன்று கோடுகள் சந்திக்க வேண்டிய பல இடங்களில் அவை சந்திக்கவே இல்லை. சிறு முக்கோணங்களை எண்ணினேன், முப்பத்தொன்பதுதான் இருந்தன. அச்சில் வெட்டி எடுத்த மலிவான தகடு அது.

சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். "அப்பா, இதிலே கோடுகள் சேரவில்லை" என்று மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. எழுந்து கடைக்குப் போய்விட்டார். வளையல் இல்லாத கையோடு அடுக்களையில் நின்ற என் தாயார், "இதை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றார். நான் செய்தது சரியா தவறா என்று அன்று எனக்கு விளங்கவில்லை. மூழ்குகிறவர் பற்றியிருந்த கொம்பை ஒடித்துவிட்டேனோ என்று இரவெல்லாம் வருந்தினேன்.

மறுநாள் இரவு கடையை அடைத்துவிட்டு வந்த தந்தையாரின் கையில் கெட்டியான தாள்கள் சில இருந்தன. "சரியான சக்கரத்தில் அந்தக் கோடுகள் எங்கே சேரும்? எனக்குக் காட்டு" என்றார். 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வரைந்தோம். கூறு ஒன்றுக்கு அரை சென்டிமீட்டராக 48 கூறு. அவர் அடிகோலைப் பிடிப்பார்; நான் கோடு இழுப்பேன். அன்று சேரவில்லை. மறுநாளும் சேரவில்லை. பென்சிலைச் சீவிச் சீவி, தாளை மாற்றி மாற்றி, பல இரவுகள் கழிந்தன. பாட்டி அருகில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். "அவசரப்படாதீங்கடா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். ஓரிரவு பதினெட்டில் பதினான்கு சந்திப்புகள் ஏறத்தாழச் சரியாக அமைந்தன. அந்தத் தாளைத் தந்தையார் விளக்கின் அருகே நெடுநேரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரத்தில் அவர் தாளோடு கடைப் பேரேட்டையும் கொண்டுவந்தார். எட்டு மாதமாக அவர் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பார்க்க அஞ்சியிருக்கிறார். "இதையும் கூட்டிப் பார்த்துவிடுவோம்" என்றார். நான் கூட்டினேன், அவர் சரிபார்த்தார். கடன் நாங்கள் நினைத்ததை விட மிகுதி. ஆயினும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. எங்கே எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. 1976இல் கடையை மூடினோம். சரக்கு முழுவதையும் எடைக்குக் கொடுத்துக் கடனில் பெரும்பகுதியை அடைத்தோம். தந்தையார் வேறொரு கடையில் கணக்கெழுதச் சென்றார். இரண்டு வளையல்களில் ஒன்று திரும்பி வந்தது, மற்றொன்று வரவில்லை.

சரக்கை எடைக்குப் போட்ட அன்று, அந்தத் தகட்டையும் சேர்த்துப் போட்டுவிடலாமே என்று நான் சொன்னேன். செம்புதானே என்பது என் எண்ணம். தந்தையார் ஒத்துக்கொள்ளவில்லை. "உன் அம்மா அதற்கு நாள்தோறும் பூ வைத்திருக்கிறாள்" என்றார். எனக்கு அது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

மாணவ நண்பர்களே, நீங்கள் நம்பிக்கை உடையவர்களாக இருக்கலாம், இல்லாதவர்களாகவும் இருக்கலாம். அது உங்கள் உரிமை. இந்த வடிவங்களை விலைக்கு விற்போர் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் சொல்லும் பயனைக் கேட்பதற்கு முன், மரபு எதைக் கேட்கிறது என்று பாருங்கள். வேள்விக் குண்டம் கயிறு பிடிக்கச் சொன்னது. கோலம் விடியலில் எழச் சொன்னது. இருதய கமலம் மனத்தை ஒருமுகப்படுத்தச் சொன்னது. ஸ்ரீசக்கரம் ஆண்டுக்கணக்கில் பயிலச் சொன்னது. எதுவும் உழைப்பைக் கேட்காமல் விடவில்லை. ஆகவே ஒருநாள் விடியலில் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரருகே அமர்ந்து, அவருக்குத் தெரிந்த ஒரு கோலத்தையாவது கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகளும் கற்கலாம், தவறில்லை. நான் ஐம்பது வயதுக்கு மேல் கற்றேன். பாட்டி அப்போது இல்லை.

அந்தச் செப்புத் தகடு இன்றும் என் வீட்டுப் பூசையறையில் இருக்கிறது. அதில் முப்பத்தொன்பது முக்கோணங்களே உள்ளன. அதன் அடியில் மடித்து வைத்திருக்கும் தாளில், என் தந்தையார் ஊன்றிய கவராயத்தின் துளை நடுவே பிந்துவாக நிற்கிறது.